காய்க்காத பூக்கள்

முதலாவது, உப்பளம். விடலை வயதில் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்காகக் கங்காணி கன்னத்தில் அறைந்தான்.

இரண்டாவது, சங்கம். ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து அவர் கட்டிய சங்கத்துக்கு, அவர் சிறைக்குள் இருந்த சமயம் பார்த்து வேறொருவனைச் செயலாளராக்கினார்கள்.

மூன்றாவது, பிரசுரம். அவர் எழுதிய துண்டுப் பிரசுரத்தை ஒரு வரி மாறாமல் அச்சடித்துக் கொடுத்தார்கள். அடியில் இருந்த பேர் மட்டும் மாறியிருந்தது.

நான்காவது, அடக்கம். பெற்ற தாயின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனவரை, சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசினவன் தொடக் கூடாது என்று ஊர்ச் சபை விலக்கி நிறுத்தியது.

ஐந்தாவது, பூசணிப் பிஞ்சு.

எலியேசர் தனக்கு நேர்ந்த இந்த அநியாயங்களை இந்த வரிசையில்தான் சொல்லுவார். பூசணிப் பிஞ்சுக்கு என்ன ஆச்சு என்று யாராவது அவசரப்பட்டால் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"பொறுடே. முதல்ல உப்பளம்."

உப்பளத் தொழிலாளிகளுக்காகக் கத்திக் கத்தியே தொண்டையைத் தேய்த்துக்கொண்ட மனிதர் அவர். படிப்பு என்று பார்த்தால் பிரசுரங்கள்தான். அவற்றை மட்டும் மூட்டை மூட்டையாகப் படித்திருந்தார். தலை முழுக்க நரைத்த பிறகு, சங்கமும் வேண்டாம் கட்சியும் வேண்டாம் என்று எபனேசர்புதூருக்கே திரும்பி வந்தார். வந்த கையோடு சபைப் போதகரைப் பார்க்கப் போனார். போதகரை அந்த ஊரில் ஐயர் என்பார்கள். வேதமணி ஐயர் எலியேசரைவிட ஒரு தலைமுறை இளையவர்.

"ஐயரே, எனக்கு விசுவாசம் வேணும்."

"இப்ப கையில என்ன இருக்கு, அண்ணாச்சி?"

"கோவம் இருக்கு. நியாயமான கோவம்."

ஐயர் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிறகு சபைக் கோயிலுக்குப் பின்னால் குப்பை கூளமாகக் கிடந்த ஒரு மூலையைக் கைகாட்டினார்.

"அதுல ஏதாவது போட்டு வளங்க."

"நான் கேட்டது விசுவாசம்."

"நானும் அதைத்தான் சொல்லுதேன். மண்வெட்டி மணிக்கூண்டுக்குக் கீழ இருக்கு."

எலியேசர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூலையில் இறங்கினார். தோண்டினால் ஓட்டாஞ்சில்லு வந்தது. சில்லைப் பொறுக்கிப் போட்டால் நெருஞ்சி முளைத்தது. நெருஞ்சியைப் பிடுங்கினால் கோரை கிளம்பியது. வாழ்நாளெல்லாம் முதலாளிகளோடு பேச்சுவார்த்தை நடத்தியவர், மண்ணோடும் நடத்திப் பார்த்தார். மண் எந்த ஒப்பந்தத்துக்கும் இறங்கி வரவில்லை.

கடைசியில் பூசணி மட்டும் பிடித்தது. கொடி ஓடியது. காலையில் எழுந்து பார்த்தால் மூலை முழுக்க மஞ்சள் பூ.

அவருக்கு ஆசை வந்தது. சின்ன ஆசை இல்லை.

அந்தச் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் தோட்டத்தில், தொழுவத்தில், கொல்லையில் விளைந்த முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். வாழைத்தார், கருப்பட்டி, சேவல், முருங்கைக்காய்க் கட்டு. ஐயர் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பிடித்து, படைத்தவர் பேரைச் சபை கேட்க உரக்க வாசிப்பார். அப்புறம்தான் ஏலம்.

எலியேசரின் பேரைப் போலீஸ்காரன் வாசித்திருக்கிறான். நீதிமன்றத்தில் டவாலி வாசித்திருக்கிறான். சொந்த ஊரில், சொந்தக் கோயிலில், ஒரு நல்ல காரியத்துக்கு யாரும் வாசித்ததில்லை. தாயின் பெட்டியைத் தொடாதே என்று சொன்ன அதே சனம் உட்கார்ந்து கேட்க, அந்தப் பேரை ஒரு தடவை வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு காய் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலத்தைக் கெடுக்கிற காய்க்காத மரத்தை வெட்டிப் போடு என்ற வேத வசனத்தை வைத்து ஐயர் பிரசங்கம் பண்ணினார். எலியேசர் முன்வரிசையில் இருந்து கேட்டார். மறுநாள் விடிந்ததும் கொடியருகே குனிந்து உட்கார்ந்தார்.

பூக்களில் இரண்டு ஜாதி இருந்தது. சிலதுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு. மிச்சத்துக்கு எல்லாம் வெறும் நீளக் காம்பு. காயும் இல்லை, காய்க்கிற அறிகுறியும் இல்லை. ஆனால் தண்ணீர் மட்டும் எல்லாவற்றுக்கும்.

எலியேசருக்கு இதைப் புரிந்துகொள்ள யார் உதவியும் தேவைப்படவில்லை. உழைக்கிற பூ, உட்கார்ந்து தின்கிற பூ. உலகம் முழுக்க இதே கதைதானே.

காம்புப் பூக்களை ஒன்று விடாமல் பிடுங்கி ஓலைப்பெட்டியில் போட்டார். அன்று தொடங்கி, விடிந்ததும் அதுதான் அவருக்கு முதல் வேலை.

பிஞ்சுகள் மஞ்சளடித்தன. சுருங்கின. உதிர்ந்தன.

அவர் எரு போட்டார். உதிர்ந்தன. தண்ணீரைக் கூட்டினார். உதிர்ந்தன. தண்ணீரைக் குறைத்தார். அப்போதும் உதிர்ந்தன. முழங்காலில் நின்று ஜெபம்கூடப் பண்ணிப் பார்த்தார். அது அவருக்குப் புதிது. வார்த்தை வராமல், கோரிக்கை மனுவைப் போலவே பண்ணினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஞானப்பூவின் வீடு. கணவன் போன பிறகு பீடி சுற்றியும் கோழி வளர்த்தும் காலத்தை ஓட்டுகிறவள். அவள் கோழிகள் வேலிச் சந்துக்குள் நுழைந்து அவர் மூலையைக் கிளறிக்கொண்டிருந்ததை எலியேசர் பார்த்தார்.

குற்றவாளி கிடைத்துவிட்டது.

"ஞானப்பூ, உன் கோழி என் பிஞ்ச எல்லாம் கொத்திப் போடுது."

"கோழி பூச்சியத்தான் கொத்தும் அண்ணாச்சி. பிஞ்ச ஏன் கொத்தப் போகுது?"

"நான் பொய் சொல்லுதேனா?"

"அப்படிச் சொல்லல. கட்டிப் போடுதேன், போங்க."

கட்டிப் போட்டாள். பிஞ்சுகள் உதிர்ந்தன. ராத்திரி அவிழ்த்து விடுகிறாள் என்று எலியேசர் முடிவு கட்டினார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் வேப்பமரத்தடியில் கூடி நின்றபோது, மணிக்கூண்டுப் படியில் ஏறினார்.

"சபையோரே!"

எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது அந்தக் குரல் வெளியே வந்து. வேப்பமரத்துக் காகங்கள் எழும்பின. சனம் திரும்பியது.

அவர் பேசினார். வேலி என்றால் என்ன என்று பேசினார். ஒருவன் வியர்வையில் விளைந்ததை இன்னொருவன் கோழி தின்பது என்ன நியாயம் என்று பேசினார். ஞானப்பூ முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

"என் கோழி கட்டித்தான் கிடக்கு" என்றாள்.

"கேட்டியளா? கோழிக்கு ஜாமீன் கேக்கா!"

சனம் சிரித்தது. சிரிப்பு வந்ததும் எலியேசருக்குத் தொண்டை இன்னும் திறந்தது. அந்தக் கோழியை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது, எந்தச் சேவல் அதற்குச் சாட்சி சொல்லும் என்று அடுக்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஐயர் கோயில் வாசலில் நின்று வெளியே வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். "சமாதானமா போங்க, சமாதானமா போங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

நல்ல கூட்டம், நல்ல பேச்சு. அன்றைக்கு எலியேசர் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த வாரச் சந்தைக்கு ஞானப்பூ கோழிகளை எல்லாம் கூடையில் அடைத்து, மேலே வலையைக் கட்டி, பஸ் ஏற்றிக் கொண்டுபோனாள். திரும்பும்போது கூடைக்குள் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பிஞ்சு நின்றது.

வேலியை ஒட்டி நின்றது. உதிரவில்லை. எலுமிச்சை அளவு ஆயிற்று. தேங்காய் அளவு ஆயிற்று.

"பாத்தியளா? கோழி போச்சு, காய் நின்னுச்சு!" என்று தெருவில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். இதைவிட ருசு வேண்டுமா? ஊரும் ஆமாம் என்றது. ஞானப்பூ தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் பெண்கள் "கொக்கரக்கோ" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

தோல் இளசாக இருக்கும்போதே ஊசியால் அதில் தன் பேரைக் கீறினார். காய் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்தது. எலியேசர் என்று தழும்பு தழும்பாக, தெருவில் நின்றே படிக்கலாம் போல வளர்ந்தது. பேரை மாற்றி அச்சடிக்க இனி ஒருவனாலும் முடியாது.

ஆனால் மற்றப் பிஞ்சுகள் எல்லாம் உதிர்ந்துகொண்டேயிருந்தன. கோழி இல்லை. குற்றவாளி இல்லை. ஆனாலும் உதிர்ந்தன. அது அவரை உறுத்தியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. உறுத்தினால் கேட்டுவிடுகிற ஆள்.

"ஐயரே, ஒரு காய் ஏன் நிக்குது? மத்தது எல்லாம் ஏன் உதிருது? எனக்கு விசுவாசம் பத்தலையோ?"

"காலையில வந்து பாக்கேன்" என்றார் ஐயர்.

விடியலில் வந்தார். அந்த மூலையைக் கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு அவர் அங்கே காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். எலியேசர் ஓலைப்பெட்டியைப் பூக்களால் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இது என்ன, அண்ணாச்சி?"

"காய்க்காத பூ. சும்மா நின்னு உறிஞ்சுது."

"தினமும் பிடுங்குவியளா?"

"ஒண்ணு விடமாட்டேன். நீங்கதானே பிரசங்கத்துல சொன்னிய?"

ஐயர் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். வெள்ளை அங்கியில் மண் அப்பியது. அவர் முகம் கறுத்துப் போனதை எலியேசர் பார்த்தார். ஏன் என்று விளங்கவில்லை.

ஐயர் பெட்டியிலிருந்து ஒரு பூவை எடுத்தார். இதழ்களை உரித்துப் போட்டார். நடுவில் இருந்த தண்டை எலியேசரின் உள்ளங்கையில் தேய்த்தார். கை மஞ்சளாயிற்று.

பிறகு அதே தண்டைக் கொண்டுபோய், பிஞ்சு வைத்த ஒரு பூவின் நடுவில் மெல்லத் தொட்டு வைத்தார்.

"இதை மட்டும் விட்டு வைங்க."

எலியேசர் விட்டு வைத்தார். அந்தப் பிஞ்சு உதிரவில்லை.

அவர் அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு ஐயரை மூலைக்குக் கூட்டி வந்தார். கையை எத்தனை தரம் கழுவியும் மஞ்சள் போகாதது போல வேட்டியில் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"அது ஆண் பூவா?"

"ஆமா."

"அது இல்லாம இது காய்க்காதா?"

"காய்க்காது."

"அப்ப நான்தான்."

ஐயர் தலையை ஆட்டினார்.

"முதல்ல ஒண்ணு நின்னுச்சே? பேரெழுதின காய். நான்தான் எல்லாப் பூவையும் பிடுங்கிட்டேனே. அதுக்குத் தூள் எங்கயிருந்து வந்தது?"

ஐயர் வேலிப் பக்கம் பார்த்தார். எலியேசரும் பார்த்தார். ஞானப்பூவின் கூரைமேல் அவள் பூசணிக்கொடி பூத்துக் கிடந்தது. ஒரு தேனீ அங்கிருந்து கிளம்பி, வேலியைத் தாண்டி, இவர் மூலைக்குள் வந்தது. எந்த வேலியாலும் அதைத் தடுக்க முடியாது.

"ஊருக்கே தெரியுமே ஐயரே, இந்த ஆண் பூ, பெண் பூ விஷயம். ஒருத்தனும் ஏன் எனக்குச் சொல்லல?"

"நீங்க யாருட்டயும் கேக்கல, அண்ணாச்சி. எல்லாருக்கும் சொன்னிய." ஐயர் குரல் தணிந்தது. "நானும் வந்து பாக்கல. பிரசங்கம் பண்ணிட்டு வாசல்ல நின்னு கைகுடுத்தேன்."

பண்டிகைக்கு முந்தின நாள் எலியேசர் வேலிச் சந்தருகே போய் நின்றார். ஞானப்பூ மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி? இப்ப என் கொடியும் வேலி தாண்டிட்டுதோ?"

"தாண்டிச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொன்னார். தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"ஆண் பூவப் பிடுங்கினியளா? எல்லாத்தையுமா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த கூடையைப் பார்த்தாள்.

"தப்பு என்மேலதான், தங்கச்சி. மன்னிச்சிரு."

"யாரு கேக்கா?"

"என்ன?"

"நீங்க சொல்லுதத இங்க யாரு கேக்கா? நீங்க, நான், இந்தச் சுளகு. அன்னைக்கு வேப்பமரத்தடியில ஊரே நின்னுச்சு."

"கோழி வாங்கித் தாரேன்."

"கோழிய நான் வாங்கிக்கிடுவேன். வருசா வருசம் என் சேவலத் தூக்கிப் பிடிச்சு ஐயர் என் பேர வாசிப்பாரு. கூரையில காய்ச்சதும் வித்து அரிசியாப் போச்சு, நாளைக்கு வெறுங்கையோட போய் உக்காரணும். அத எந்தச் சந்தையில வாங்கிக் குடுப்பிய?"

ஞானப்பூ சுளகிலிருந்து அடுத்த பீடி இலையை எடுத்தாள்.

"போங்க அண்ணாச்சி. இலை காஞ்சிரும்."

அன்று மாலை ஐயர் மூலைக்கு வந்தபோது, எலியேசர் பறித்த காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் கத்தி. எழுத்தின் மேல் வைத்திருந்தார்.

"என்ன செய்யுதிய?"

"என் பேரைச் சீவிட்டு, காயை அவ வீட்டு வாசல்ல வெச்சிட்டு வந்திரலாம்னு பாக்கேன். அவளே கொண்டு வரட்டும்."

"தோலைச் சீவினா காய் அழுகிரும்."

"அப்ப நான் நாளைக்கு வரல. கொண்டு வரவும் இல்ல."

"வராம இருக்கலாம். உங்கள யாரும் கேக்கப் போறதில்ல."

எலியேசர் கத்தியைப் பார்த்தார். "லாக்கப்புல அடிச்சப்பகூட எனக்கு இப்படி இல்ல ஐயரே. அது அவன் அசிங்கம். இது என் அசிங்கம்."

"உங்களுக்கு மன்னிப்பு வேணுமா, அண்ணாச்சி, வெக்கம் போகணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இந்தக் கத்தி ரெண்டாவதுக்கு" என்றார் ஐயர். கத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பண்டிகை நாளில் கோயில் நிரம்பியிருந்தது. வாழைத்தாரும் கருப்பட்டியும் பலிபீடப் படிகளில் குவிந்திருந்தன. ஐயர் ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஒவ்வொரு பேராக வாசித்தார். பேர் வாசிக்கப்பட்டவர்கள் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். ஞானப்பூ கடைசி வரிசையில் சுவரோரம் இருந்தாள். மடியில் கைகள் சும்மா கிடந்தன.

எலியேசர் விடியலில் கொண்டுவந்து வைத்திருந்த பூசணிக்காயை ஐயர் தூக்கினார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"வாசிக்கவே வேண்டாம் ஐயரே, காயே சொல்லுதே!" என்றான் ஒருவன். சனம் சிரித்தது.

எலியேசர் எழுந்தார். முன்னால் நாற்காலி இருந்ததால் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேரை வாசிக்காதிய."

"வேற யார் பேரு, அண்ணாச்சி?"

"வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரி பேரு."

"ஏன்னு சபை கேக்குமே."

அப்படி ஒரு அமைதியை எலியேசர் எத்தனையோ கூட்டங்களில் உண்டாக்கியிருக்கிறார். அதற்குள் நின்று பார்த்தது இல்லை.

"கோழி ஒண்ணும் செய்யல" என்றார். குரல் எழும்பவில்லை. "நான்தான் பூவைப் பிடுங்கினேன். ஆண் பூவை."

"கேக்கல! சத்தமா சொல்லுங்க!" என்றது பின்வரிசை.

மைதானம் மைதானமாக மைக் இல்லாமல் பேசியவர், தொண்டையைச் செருமினார். திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"கோழி ஒண்ணும் செய்யல. நான்தான் ஆண் பூவை எல்லாம் பிடுங்கினேன். தெரியாமப் பிடுங்கினேன். அதனாலதான் பிஞ்சு உதிர்ந்தது. அவ மேல பழி போட்டேன். நீங்க சிரிச்சிய. நீங்க சிரிக்கணும்னு இன்னும் பேசினேன். இந்தக் காய் நின்னது அவ கூரையில பூத்த பூவால."

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. குழாயடியில் கொக்கரித்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். ஞானப்பூ முக்காட்டைச் சரிசெய்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை.

எலியேசர் உட்கார வேண்டும் என்று நினைத்தார். உட்கார முடியவில்லை.

ஐயர் காயைத் திருப்பினார். தழும்பு எழுத்து சபைக்கு நேராக, கடைசி வரிசை வரைக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். பிறகு உரக்க வாசித்தார்.

"ஞானப்பூ."